கென்னத்தின் நுரையீரலும் ஐந்து நட்சத்திரமும்

சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் செனாய் ஊரில், தொழிற்சாலைகளுக்குப் போகும் சாலையோரத்தில் கென்னத் பார்பெக்யூ கடை முப்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. அந்தக் கடையின் கோழியைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் ஒரு கருத்து உண்டு. கென்னத்தின் நுரையீரலைப் பற்றி இரண்டே பேருக்குத்தான் கருத்து இருந்தது. ஒருவர் ஆஸ்பத்திரி டாக்டர், இன்னொருத்தி நான். நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்றவள் நான். கென்னத்தின் மகள் ஜெரால்டின்தான் என்னை வேலைக்கு வைத்தாள். "அப்பாவைப் புகை பக்கம் விடக்கூடாது ஆண்ட்டி. அவ்வளவுதான் வேலை" என்றாள். கேட்கும்போது சுலபமான வேலையாகத்தான் இருந்தது.

கென்னத் காஹாங் என்ற ஊருக்குப் பக்கத்தில், பாமாயிலுக்குச் செம்பனை வளர்க்கும் தோட்டத்தில் பிறந்தவர். இளம் வயதில் செனாய்க்கு வந்து தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். மாதா கோயில் கட்டட நிதிக்காக ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கோழி சுட்டு விற்றார்கள். நாலைந்து அடுப்புகளில் கென்னத்தின் அடுப்புக் கோழிதான் முதலில் தீர்ந்தது. அந்த அடுப்பு வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் அப்படி நினைக்கவில்லை. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டார்.

அவர் சுடும் முறை தனி. கரியை விசிற மின்விசிறி வைக்கமாட்டார். அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கையால் விசிறுவார். புகை சாலைப் பக்கம் போகும்படி நின்று விசிறுவார்.

"புகைதான் மிஸ்ஸி நம்ம சைன்போர்டு. ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல போறவன் மூக்குல ஏறணும்" என்பார். ஆஸ்பத்திரியில் நர்சுகளை மிஸ்ஸி என்று கூப்பிடுவது இங்கே பழக்கம். அதனால் நானும் அவருக்கு மிஸ்ஸி.

பாதிப் புகை சாலைக்குப் போனது. மீதி அவருக்குள் போனது. சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தொடவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஜெரால்டின் கடையைப் போன் வரைபடத்தில் போட்ட நாளிலிருந்து அவருக்கு இன்னொரு நோய் பிடித்தது. காலையில் மற்றவர்கள் பைபிள் திறக்கும் நேரத்தில் இவர் வாடிக்கையாளர் கருத்துகளைத் திறப்பார். ஒருவர் கோழி கருகல் என்று எழுதினால் அன்றைக்குச் சீக்கிரம் எடுப்பார். மறுநாள் இன்னொருவர் கோழி வேகவில்லை என்று எழுதுவார். உடனே பழையபடி கருக்குவார். 'புகை வாசம் உடுப்பெல்லாம் ஒட்டிக்கொண்டது, இரண்டு நட்சத்திரம்' என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழேயே இன்னொருவர், 'முன்பு போல் புகை வாசம் இல்லை, இரண்டு நட்சத்திரம்.' ஆட்டு விலாவில் எலும்பு அதிகம் என்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பெண் குறைபட்டிருந்தாள். அதற்கு மட்டும் இவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்று நாள் வருந்தினார்.

கடைக்கு மசாலா அரைத்தது அவர் மனைவி வினிஃப்ரெட். சில வருடங்களுக்கு முன்னால் அந்த அம்மாள் இறந்துபோனார். ஜெரால்டின் தனக்குத் தெரிந்தபடி மசாலா அரைத்தாள். ருசி அடியோடு மாறியது, சாப்பிட்டவள் சொல்கிறேன். ஒருவர்கூட அதைப் பற்றி எழுதவில்லை. துக்கத்துக்காகக் கடை மூடியிருந்த வாரத்துக்கு மட்டும் ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்து, 'வந்தேன், மூடியிருந்தது, ஏமாற்றம்' என்று எழுதியிருந்தார். கென்னத் அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டார்.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏற முடியவில்லை, பூசையில் பாட்டுப் பாட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி ஒரு நாள்கூட அடுப்புப் பக்கம் போகக்கூடாது, போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கென்னத் என்னிடம் சொன்னார்:

"அந்த டாக்டர் சின்னப் பொண்ணு லா, மிஸ்ஸி. நம்ம கடையில ஒரு தரம்கூட சாப்பிட்டது இல்ல."

வாடிக்கையாளர் சொல்வதை டாக்டர் உத்தரவாக எடுத்துக்கொள்வார். டாக்டர் சொல்வதை ஒரு வாடிக்கையாளர் கருத்தாக எடுத்துக்கொள்வார். அவரிடம் இருந்த குறை அவ்வளவுதான். ஆனால் அவருடைய உயிர் அந்தக் குறையின் மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெரால்டின் அடுப்பில் நின்றாள். நான் வீட்டில் கென்னத்துக்குக் காவல் இருந்தேன். முதல் வாரமே கருத்துகள் வந்துவிட்டன. அங்கிள் இல்லை, ருசி இல்லை. அங்கிள் இல்லாத கடை கடையே இல்லை. ஒவ்வொன்றையும் அவர் சத்தமாக வாசித்தார், வாசிக்க வாசிக்க இருமினார்.

அந்த வாரம் சுகுமாறன் ஆரஞ்சுப் பழத்தோடு நோயாளியைப் பார்க்க வந்தான். தொழிற்சாலை சூப்பர்வைசர், ஒவ்வொரு சம்பள நாளும் கடைக்குக் குடும்பத்தோடு வருகிறவன். தன் நாக்குக்கு ஊரில் ஒரு மரியாதை இருப்பதாக நினைப்பவன்.

"ஜெரால்டின் நல்லாத்தான் சுடுறா அங்கிள். நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க சுட்டா அது வேற."

"என்ன வேற?" என்று நான் கேட்டேன்.

"அது சொல்லத் தெரியாது ஆண்ட்டி. ஃபீலிங்."

"உன் ஃபீலிங்குக்கு இவரு மூச்சைக் குடுக்கணுமா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல ஆண்ட்டி. சும்மா வந்து நின்னா போதும்னுதான் சொல்றேன்."

அவன் போனதும் கென்னத் ஒரு யோசனை சொன்னார். வீட்டில் இருக்கும் ஆக்சிஜன் மெஷினை அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுடலாமாம்.

"ஆக்சிஜனையும் நெருப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, அன்னைக்கு ஸ்பெஷல் ஐட்டம் நீங்கதான்" என்றேன்.

கடைசியில் ஜெரால்டின் ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பா கடைக்கு வரலாம். ஆனால் அடுப்புக்கு எதிர்க்கோடியில், கல்லாவில் உட்காரவேண்டும். முதுகுக்குப் பின்னால் பெரிய மின்விசிறி ஓடவேண்டும். எனக்கு அரை மனம்தான். வீட்டில் அடைத்துவைத்தால் மனிதர் சோற்றை நிறுத்திவிடுவார்போல் இருந்ததால் சரி என்றேன்.

அன்று மாலை அவர் கல்லாவில் உட்கார்ந்தார். அதே கரி, அதே மசாலா, ஜெரால்டின்தான் சுட்டாள். சுகுமாறன் ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"இது. இதுதான். இத்தனை நாளா எங்க போச்சு இது?"

அந்த வாரக் கருத்துகள் எல்லாம் ஐந்து நட்சத்திரம். அங்கிள் திரும்பிவிட்டார், ருசியும் திரும்பிவிட்டது. கென்னத் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாத்தீங்களா மிஸ்ஸி? என் கை."

"உங்க கை கல்லாப்பெட்டி மேல இருந்துச்சு, கென்னத்."

அவர் காதில் அது விழவில்லை. எழுத்தில் வந்திருந்தால் விழுந்திருக்கும்.

பிறகு இன்னொரு கருத்து வந்தது. யாரோ வழிப்போக்கர். 'முதலாளி காற்று வாங்கிக்கொண்டு காசு எண்ணுகிறார், மகள் நெருப்பில் வேகிறாள். இந்தக் காலத்துப் பெரியவர்கள் இப்படித்தான்.' ஒரு நட்சத்திரம். கென்னத் அதை யாரிடமும் காட்டவில்லை. வாசித்தார், போனைச் சட்டைப் பையில் போட்டார், அன்று முழுவதும் பேசவில்லை. நோயாளி பேசாமல் இருந்தால் விசாரிக்கவேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடம். விசாரித்தேன். வயிறு சரியில்லை என்றார்.

சனிக்கிழமை மாலை, கடை நிரம்பி வழிந்த நேரம். அவருடைய மூச்சு மருந்துக் குழாயைக் கழுவ நான் பின்பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தால் கல்லாவில் ஆள் இல்லை. அடுப்பைச் சுற்றிக் கூட்டம், கைதட்டல். நடுவில் கென்னத் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். ஜெரால்டின் அவருடைய மறுகையிலிருந்த இடுக்கியைப் பிடுங்கப் பார்த்தாள், அவர் விடவில்லை.

"விடு பிள்ளை. கஸ்டமர் பாக்கறாங்க" என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. உதடு நீலமானது. மேசையைப் பிடித்தார், மேசையோடு சரிந்தார்.

நானும் ஜெரால்டினும் அவரை இழுத்துப்போய்க் காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்தோம். முன்னால் குனியவைத்து மருந்தை உள்ளே செலுத்தினேன். சுகுமாறன் காரைக் கொண்டுவர ஓடினான், அதை ஒத்துக்கொள்ளவேண்டும். மற்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். ஒருவர் குனிந்து என் தோளைத் தொட்டார். உதவிக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"ஆண்ட்டி, நாங்க சொன்ன ஆட்டு விலா என்னாச்சு?"

"அடுப்புல இருக்கு. போய் எடுத்துக்குங்க" என்றேன். போய் எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் முதல் இரவு மோசமாக இருந்தது. டாக்டர் ஜெரால்டினைத் தனியாகக் கூப்பிட்டு, எதற்கும் தயாராக இருக்கச் சொன்னார். ஆனால் அந்த மனிதரின் உடம்பு தோட்டத்து உடம்பு. தேறிக்கொண்டது. மூச்சு கொஞ்சம் சீரானதும் முகமூடிக்கு உள்ளிருந்து முதலில் கேட்டது போனைத்தான். ஜெரால்டின் கொடுக்கமாட்டேன் என்றாள். கேட்டுக்கேட்டு மூச்சைச் செலவழிப்பதைவிடக் கொடுப்பதே மேல் என்று நான் கொடுத்தேன்.

யாரோ அந்த மாலையைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அவர் விசிறுவது, இருமுவது, சரிவது, எல்லாம் இருந்தது. கீழே எழுதியிருந்ததை வாசிக்கக் கண்ணாடி இல்லாததால் என்னை வாசிக்கச் சொன்னார்.

"'இதுதான் உண்மையான உழைப்பு. இந்த வயதிலும் நெருப்பின் முன்னால். பார்த்துக் கண்ணீர் வந்தது. நான்கு நட்சத்திரம்.'"

முகமூடியை ஒரு விரலால் நகர்த்தினார். "ஏன் நாலு?"

ஜெரால்டின் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சொல்லவேண்டாம் என்று. நான் சொன்னேன்.

"ஆட்டு விலா வர லேட்டாச்சாம்."

"நான் விழுந்ததுனாலயா?"

"அது எழுதல. லேட்டுன்னுதான் எழுதியிருக்கு."

அவர் முகமூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். போனை ஜெரால்டினிடம் நீட்டினார். மறுநாள் காலை டாக்டர் வந்தபோது, "அன்னைக்கு என்னமோ சொன்னீங்களே டாக்டர், அத இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்டார். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் முன்பு சொன்னதையே மறுபடி சொன்னாள். இவர் கடைசிவரை கேட்டார்.

அடுப்பு இப்போது ஜெரால்டினுடையது. அடுப்புக்கு மேல் புகைக் கூண்டு வைத்து மின்விசிறியும் மாட்டிவிட்டாள். கென்னத் கடைப் பக்கம் போவதில்லை. ஒரு மாதம் வாடிக்கையாளர்கள் புலம்பினார்கள். இரண்டாம் மாதமும் சாப்பிட வருகிறவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. மூன்றாம் மாதம் புதிய கருத்து ஒன்று பரவியது. மகளின் கைப்பக்குவம் அப்பாவை மிஞ்சிவிட்டதாம். கண்டுபிடித்தவன் சுகுமாறன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்து அவனே அதை நேரில் சொன்னான். "தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். உங்க காலத்துல கோழி கொஞ்சம் காய்ஞ்சுதான் இருக்கும். நாங்கதான் சொல்லாம இருந்தோம்."

கென்னத் எழுந்து நின்றார். அவன் நாக்கில் ஆரம்பித்து, தின்றுவிட்டு எலும்பை மேசையில் போடும் பழக்கத்துக்கு வந்து, அவன் தொழிற்சாலையையும் ஒரு பிடி பிடித்து, இனி இந்த வாசல்படி மிதிக்காதே என்பதுவரை போனார். சுகுமாறன் செருப்பைத் தேடினான். நான் கென்னத்தின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நிறம். இருமல் இல்லை. அவ்வளவு பெரிய வசவின் நடுவே மூச்சுக்காக அவர் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.