வியாழக்கிழமைப் பள்ளிக்கூடம்

காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, நல்ல பள்ளிக்கூடம் என்று சொன்னவன் நான். அந்தச் சொல்லை நம்பி என் அக்காள் இரண்டு ஆடுகளை விற்று, சிங்கம்புணரிப் பக்கத்துக் குடிசையைச் சாத்திவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வருஷங்கள் போய்விட்டன. அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அதையும் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடி மண்ணில் உட்கார்ந்து படித்தேன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் இடம். மழை பெய்தால் உள்ளே இருப்பவர்களுக்குப் பாடம் நடக்கும், எங்களுக்கு விடுமுறை. ஓர் ஐப்பசியில் அந்த விடுமுறை நீண்டுகொண்டே போனது. நான் திரும்பிப் போகவில்லை. வளர்ந்ததும் தொண்டிக்கு நடந்து போய்த் தோணி ஏறினேன். கொழும்பில் மூட்டை தூக்கினேன். பினாங்கில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தேன்; அங்கே இரண்டு முறை காய்ச்சல் வந்து பிழைத்தேன். ஊர் திரும்பியபோது கையில் இருந்தது ஒரு பழைய கோட்டு. பிறகு காரைக்குடிக்கு ரயில் பாதை போட மண் வெட்டப் போனேன்.

அக்காளின் புருஷன் கண்டித் தோட்டத்துக்குப் போய், கடிதம் போடுவதையும் நிறுத்திவிட்டார். பையன் கிராமத்தில் ஐந்தாவது முடித்திருந்தான். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை.

"நீ ஊரு ஊராச் சுத்துனவன். காரைக்குடியில பெரிய பள்ளிக்கூடம் இருக்காம்ல, எல்லாச் சாதிப் பிள்ளையவும் சேக்குறாகளாம். ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வா" என்றாள்.

"பாத்து என்னத்தச் சொல்ல?"

"கட்டடம் பெருசா, வாத்தியாரு கெட்டிக்காரரான்னு எனக்குச் சொல்ல வேணாம். எம்மகன உள்ள உக்கார வப்பாகளா? தவிச்சா தண்ணி குடிக்கலாமா? இந்த ரெண்ட மட்டும் பாரு."

ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். வாசல் தாழ்வாரத்துச் சுவரில் பலகை ஒன்று தொங்கியது. 'சகல வகுப்பாருக்கும் பொது' என்று பெரிய எழுத்து. எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தேன். தலைமை வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கோட்டைப் பார்த்தார், பினாங்கிலிருந்து வருகிறேன் என்றதும் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க. இன்னைக்கு ஒண்ணும் ஒழுங்கா இல்லை. வியாழக்கிழமை காலையிலே வாங்க, சாவகாசமாப் பார்க்கலாம். உங்களை மாதிரி நாலு பேர் வந்தால்தானே பள்ளிக்கூடத்துக்கு மதிப்பு."

ஒரு வாத்தியார் என்னை 'வாங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்கு என் கண் பாதி மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை போனேன். சுவரில் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. ஆறாம் வகுப்பில் செட்டியார் வீட்டுப் பையன், ராவுத்தர் வீட்டுப் பையன், வேளாளர் பையன், எங்களைப் போன்ற தெருவிலிருந்து வந்த நான்கு பையன்கள், எல்லோரும் ஒரே மாதிரிப் பெஞ்சில் இருந்தார்கள். மூலையில் தண்ணீர்ப் பானை, அதன்மேல் பளபளவென்று ஒரே ஒரு டம்ளர். தலைப்பாகைக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் போலவே பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்க வந்த பெரிய வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டு அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஒன்றை நான் பார்த்தேன். அந்த நான்கு பையன்களும் பெஞ்சின் நுனியில், சுடுகல்லில் உட்கார்ந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். கையை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து படித்த எனக்கே அது புரியவில்லை என்றால், அந்தக் கோட்டு என்னை என்ன செய்திருக்கிறது பாருங்கள்.

அக்காளிடம் போய், "உள்ளதான் உக்கார வக்கிறாக. ஒரே பானை, ஒரே டம்ளர்" என்றேன். அவள் பதினைந்து நாளில் வந்துவிட்டாள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு குடிசை. நெல் மில் களத்தில் நெல் துழாவுகிற வேலை.

பையன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மழை ஓய்ந்தும் மண் காயாமல் பாதை வேலை நின்ற நாட்களில் நான் குடிசையில் இருந்தேன். அவன் சாயங்காலம் வந்ததும் சிலேட்டுப் பலகையை எறிந்துவிட்டுக் குடத்துக்கு ஓடுவான். மூன்று செம்பு, நான்கு செம்பு என்று குடிப்பான். மூன்றாம் நாள் கேட்டேன்.

"ஏண்டா மாப்ளே, பள்ளிக்கூடத்துல தண்ணி இல்லையா?"

"இருக்கு மாமா. ஊத்தத்தான் ஆளு இல்ல."

"ஊத்த எதுக்குடா ஆளு?"

"நாங்க பானையத் தொடக்கூடாதுல்ல. ஒரு பையன் ஊத்துவான், கையில வாங்கிக் குடிக்கணும். மணியடிச்சா அவன் விளையாடப் போயிருவான். கெஞ்சுனா வந்து ஊத்துவான். எனக்குக் கெஞ்ச வரல."

"உக்கார்றது எங்குட்டு?"

"தாழ்வாரத்துல. வெயில் வந்தா தூணுப் பக்கம் தள்ளிக்கிருவோம்."

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் மத்தியான மணிக்குப் போனேன். கோட்டு போடவில்லை. வகுப்பில் பாதிப் பெஞ்சுகளைக் காணோம். அவை ஒரு கல்யாண வீட்டிலிருந்து வந்த இரவல் என்று பெருக்குகிறவன் சொன்னான். தாழ்வாரத்தில் ஐந்து பையன்கள். தூணில் கரியால் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 'சகல வகுப்பாருக்கும் பொது' என்ற பலகை அவர்கள் தலைக்கு நேர் மேலே தொங்கியது. தொங்கவிட வேறு இடமா கிடைக்கவில்லை?

தலைமை வாத்தியார் என்னை அடையாளம் கண்டுகொள்ள நேரம் பிடித்தது. மருமகன் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"நீயா? அன்னைக்குக் கோட்டுப் போட்டுண்டு வந்தவன்?"

"அன்னைக்கு வாங்கன்னீக, உக்காருங்கன்னீக. நானும் அதே ஆளுதான். பிள்ளைகள உள்ள உக்கார வச்சுக் காட்டுனீகளே, அது என்ன கூத்து?"

"அன்னைக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்த நாள். வருஷத்துக்கு ஒரு நாள் அப்படித்தான். தினமும் உள்ளே வச்சா மத்த வீட்டுப் பிள்ளை ஒண்ணு வராது. அப்புறம் இந்தப் பள்ளிக்கூடம் யாருக்கு? உன் மருமகனுக்கு மட்டுமா?"

அவர் சொன்னதில் பாதி நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அந்த மற்ற வீட்டுப் பிள்ளைகள் வியாழக்கிழமை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களே! ஒரு நாளைக்கு ஒட்டாத தீட்டு மறுநாள் எங்கிருந்து வந்தது? இதைக் கேட்டேன். பெருக்குகிறவனை விட்டு என்னை வெளியே தள்ளச் சொன்னார். அவனும் எங்கள் தெருவைப் போன்ற தெருக்காரன்தான். "போயிரு அண்ணே" என்று மெதுவாகச் சொன்னான்.

வேறு பள்ளிக்கூடம் பார்க்கலாம் என்று அக்காளிடம் குதித்தேன்.

"வேற எங்குட்டு இருக்கு? நீ பாத்துச் சொன்ன லட்சணத்துக்கு இன்னொண்ணு பாக்கப் போறியாக்கும்?" என்றாள். "அவன் படிக்கட்டும். தண்ணியக் கலயத்துல குடுத்து விடுறேன்."

ஊரெல்லாம் வெட்டிக் கட்டிய ஊருணிகள். அவற்றில் எங்களுக்கு இறங்கப் படி கிடையாது. அவள் விடியலில் எழுந்து மில் கிணற்றில் நீர் எடுத்து மகனுக்குக் கலயம் நிரப்பினாள்.

அடுத்த வருஷம் மறுபடி சுண்ணாம்பு அடித்தார்கள். கல்யாண வீட்டுப் பெஞ்சுகள் வண்டியில் வந்தன. பையன் வந்து சொன்னான்: "நாளைக்கு உள்ள உக்காரணுமாம். கேட்டா எப்பவும் இங்கதான்னு சொல்லணுமாம்."

அக்காள் அவன் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "எப்பவும் எங்க உக்காருவியோ அங்க உக்காரு. யாரையும் ஏசாத. கேட்டா உள்ளதச் சொல்லு."

மறுநாள் நான் வாசலில் நின்று கத்துவது என்ற முடிவோடு போயிருந்தேன். அதற்கு வேலை இல்லாமல் போனது. மற்ற நால்வரும் உள்ளே பெஞ்சு நுனியில். இவன் மட்டும் தாழ்வாரத்தில் தூணோரம், சிலேட்டுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு. தலைப்பாகைக்காரர் உள்ளே நுழையும்போது நின்றார்.

"ஏன் தம்பி இங்கே?"

"இதுதாங்க சார் என் இடம். உள்ள உக்கார்றது இன்னைக்கு மட்டும்."

"அவனுக்குச் சொறி சார், அதனாலே..." என்றார் தலைமை வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் பையனின் கையைப் பார்த்தார். பிறகு தூணைப் பார்த்தார். புதுச் சுண்ணாம்புக்கு அடியில் கரிக் கணக்குகள் மங்கலாகத் தெரிந்தன. நோட்டில் ஏதோ எழுதினார். மத்தியானம் பெரிய வீடு ஒன்றில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

மறுநாள் பையனுக்குக் கையில் ஆறு பிரம்படி. இரண்டு வாரம் கழித்து ஏதோ உத்தரவு வந்தது. ஐந்து பேரையும் உள்ளே எடுத்தார்கள். கடைசிப் பெஞ்சு, அதற்கு முன்னால் ஒரு பெஞ்சு காலி. அந்தக் காலிப் பெஞ்சில் எட்டாவது முடியும்வரை ஒருவரும் உட்காரவில்லை. பானை எங்கள் பிள்ளைகள் தொடாத பானையாகவே இருந்தது. கலயமும் கலயமாகவே போய் வந்தது. "உள்ளயாவது விட்டாகளே" என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை.

இப்போது யாராவது பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கப் போகிறேன் என்றால் நான் சொல்வது இதுதான்: அவர்கள் வரச் சொன்ன நாளில் போகாதே. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதே. மத்தியான மணிக்குப் போய்ப் பானைக்குப் பக்கத்தில் நில்.

பையன் எட்டாவது தேறினான். சான்றிதழைக் கொண்டுவந்து காட்டியபோது அக்காள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. என்னிடம் நீட்டினாள்.

"இதுல எங்குட்டு உக்காந்து படிச்சான்னு போட்டிருக்கா?"

மேலிருந்து கீழ்வரை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பெயர் இருந்தது, வகுப்பு இருந்தது, நன்னடத்தை என்று இருந்தது. அது மட்டும் இல்லை.