அண்டி ஆபீசும் ஆண்டீஸ் மலையும்

எங்கள் பக்கத்தில் முந்திரி உடைக்கும் ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். மேசை கிடையாது, நாற்காலி கிடையாது, கோப்பு கிடையாது. தரையில் உட்கார்ந்து, வறுத்த அண்டியை, அதாவது முந்திரிக்கொட்டையை, ஒவ்வொன்றாகக் கட்டையால் தட்டி உடைக்க வேண்டும். அதன் ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் கைகளில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். ஆனாலும் அது ஆபீஸ்தான். காலையில் மார்த்தாண்டம் போகிற சாலையில் வேனுக்கு நிற்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், "ஆபீசுக்குப் போறோம்" என்பார்கள். என் அக்காவும் இருபது வருஷத்துக்கு மேலாக ஆபீஸ்காரிதான்.

இந்தச் சொல்லை வைத்து நான் ஒரு திருட்டுத்தனம் செய்திருக்கிறேன். கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் படித்த நாலு வருஷமும், அக்கா என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும் "ஆபீஸ்ல வேலை" என்றேன். பொய் இல்லை. கேட்டவர்கள் தங்கள் மனதுக்குள் ஒரு மேசையும் மின்விசிறியும் போட்டுக்கொண்டார்கள். நான் அதைக் கலைக்கவில்லை, அவ்வளவுதான். அவள் பத்தாம் வகுப்போடு நின்று வேனில் ஏறியதால்தான் நான் கல்லூரி வாசலை மிதித்தேன் என்பதையும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் இன்று வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு நிரல் எழுதுகிறேன். அக்கா போன வருஷம், முப்பத்தெட்டு வயதில், பிளஸ் ஒன் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வேண்டும் என்று ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் சொன்னதோடு சரி. விண்ணப்பிக்கும் நாள் வந்த பிறகும் நகரவில்லை. கேட்டால், "நாலு பேருக்க முன்ன வாய் தொறக்கத் தெரியாதவ பரீட்ச எழுதி என்னத்துக்குட்டி?" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் நூலகத்தில் குடும்ப வினாடி வினா அறிவித்தார்கள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர். தலைப்பு: கணினி மொழிகளும் தென் அமெரிக்க நிலவியலும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வாசகர் வட்டத்தின் தலைவர் கணினி மையம் நடத்துகிறார். செயலாளர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியவர், பிரேசில் துறைமுகங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். இருவருக்கும் எந்தக் கூட்டத்திலும் ஒத்துப்போனதில்லை. ஆளுக்குப் பாதி என்று பிரித்து சமாதானமாகியிருக்கிறார்கள்.

நான் அக்காவைக் கேட்காமலே இரண்டு பேரையும் பதிந்துவிட்டு வந்தேன். கத்தித் தீர்த்தாள். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? கம்ப்யூட்டரு நீ சொல்லுவ. எனக்கு என்ன தெரியும்?"

"தென் அமெரிக்கா ஒனக்கு" என்றேன்.

என் பழைய பள்ளிக்கூட அட்லஸைத் தேடி எடுத்தபடியே சொன்னாள்: "செரி. அங்க வச்சு எனக்கு வாய் வந்தா பரீட்சைக்கு அப்ளிகேசன் எழுதிக் கொடுப்பேன். வரல்லேன்னா, நீ இந்தப் பேச்ச இனி எடுக்கப்பிடாது."

சொன்னால் சொன்னதுதான், அவள் குணம் எனக்குத் தெரியும். வினாடி வினா இனி வெறும் விளையாட்டு அல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வாரம் பள்ளிக்கூட அட்லஸ் ஆபீசுக்குப் போய் வந்தது. அவளோடு அண்டி தட்டுகிற பெண்கள் கேள்வி கேட்க, இவள் தட்டிக்கொண்டே பதில் சொல்வாளாம். சிலிக்கு சான்டியாகோ. சுரிநாமுக்குப் பாரமாரிபோ. பொலிவியாவுக்கு இரண்டு தலைநகரம் என்றதும் அங்கே பெரிய விவாதமே நடந்திருக்கிறது. "ரெண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி, ஒண்ணுல கோர்ட்டு, ஒண்ணுல குடித்தனம்" என்று ஒருத்தி தீர்த்து வைத்தாளாம். அதன் பிறகு சுக்ரேயும் லா பாசும் அந்த வரிசையில் யாருக்கும் மறக்கவில்லை.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நூலகக் கூடம் நிறைந்திருந்தது; ஆபீஸ் பெண்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஆறு அணிகள். எங்களுக்கு வலப்பக்கம் ஓர் ஆசிரியத் தம்பதி, இடப்பக்கம் ஓர் அப்பாவும் கல்லூரிக்குப் போகிற மகளும். செயலாளர்தான் கேள்வி கேட்டார். முதல் கேள்வியே அக்காவுக்கு.

"நிலத்தின் மேல் உள்ள மலைத்தொடர்களில் மிக நீளமானது எது?"

அக்கா எழுந்தாள். "அண்டீஸ்."

கூடம் வெடித்துச் சிரித்தது. ஆண்டீஸ் என்று அவளுக்குத் தெரியும். நாளெல்லாம் அண்டி அண்டி என்று பழகிய நாக்கு முதல் எழுத்தைக் குறுக்கிவிட்டது. "அண்டி ஆபீஸ்காரிக்கு மலையும் அண்டிதான் மக்கா!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். கெட்ட எண்ணத்தில் கத்தியதல்ல. எங்கள் ஊர்க் கேலி அப்படித்தான். ஆனால் அவனை அங்கேயே நாலு சாத்து சாத்த வேண்டும் போல எனக்கு இருந்தது. செயலாளர் மதிப்பெண் கொடுத்துவிட்டார். அக்கா தலையைக் குனிந்தவள்தான், நிமிரவில்லை. அடுத்து வந்த பராகுவேயின் தலைநகரை எனக்குத்தான் கிசுகிசுத்தாள், நான்தான் எழுந்து சொன்னேன். போச்சு என்று நினைத்தேன். அவளை இழுத்துக்கொண்டு வந்த என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

கணினிச் சுற்றில் எனக்கு எளிதான கேள்விகள். ரத்தினக்கல்லின் பெயர் கொண்ட, ஜப்பானில் பிறந்த மொழி ரூபி. ஒரு தீவின் பெயரைக் கொண்டது ஜாவா. பெருமையாக எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

பிறகு செயலாளர், நம் ஊர்க் கேள்வி ஒன்று என்று சொல்லி, ஆசிரியத் தம்பதியைக் கேட்டார்: "முந்திரி மரத்தின் தாயகம் எது?"

கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. "கொல்லம்!" என்றார்கள்.

யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் கூடம் முழுக்க அதையேதான் நினைத்திருந்தது. நாங்கள் முந்திரி மரத்தைக் கொல்லாமரம் என்போம், பழத்தைக் கொல்லாம்பழம் என்போம். அண்டி வியாபாரத்துக்குத் தலைமையிடம் கொல்லம். பிறகு வேறெங்கிருந்து வந்திருக்கும்? செயலாளர் இல்லையென்று தலையை ஆட்டி, கேள்வியை எங்கள் பக்கம் தள்ளினார்.

எனக்குப் பதில் தெரியும் என்றே நினைத்தேன். சின்ன வயதில் அக்காவுக்குச் சோறு கொண்டுபோனபோது, ஆலையில் அடுக்கியிருந்த சாக்குகளில் தான்சானியா என்று அச்சடித்திருந்ததைப் படித்திருக்கிறேன். "ஆப்பிரிக்கா, அக்கா" என்று முணுமுணுத்தபடி எழப் போனேன். அவள் என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"சாக்குல இருக்கது வித்தவனுக்க பேரு" என்றாள் என்னிடம், கொஞ்சம் சத்தமாகவே. எழுந்து நின்றாள். "பிரேசில். பறங்கிக்காரன் அங்கேருந்து கொண்டு வந்ததாக்கும். அங்க அதுக்கு கஜூன்னு பேரு."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கேட்கக் கூடாததுதான், ஆனாலும் கேட்டார்: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருவது வருசமா தட்டுகேன். எங்கேருந்து வந்ததுன்னு நான் தேடண்டாமா?"

ஆபீஸ் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்பு கத்தியவன்தான் எல்லோரையும்விட அதிகமாக விசிலடித்தான். நான் அழுதேன் என்பதை மறைப்பானேன்? கோயம்புத்தூரில் என்னோடு படித்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கூடத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அதன் பிறகு அக்கா உட்கார்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். கடைசிக் கேள்வியில் நாங்களும் அந்த அப்பாவும் மகளும் சமமாக இருந்தோம். இரண்டு தலைப்பையும் சேர்த்து முடித்தார் செயலாளர்: "தென் அமெரிக்காவில் பிறந்த கணினி மொழி எது? அதன் பெயருக்கு நிலா என்று பொருள்."

முதல் வாய்ப்பு எங்களுக்கு. அக்கா என்னைப் பார்த்தாள். கூடமே என்னைப் பார்த்தது. பன்னிரண்டு வருஷமாக இதில்தான் பிழைக்கிறேன், ஒன்றும் வரவில்லை. நேரம் முடிந்தது. அந்த மகள் எழுந்து, "லூவா" என்று சொல்லிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "ஏட்டி போ, படிச்சவளே" என்றாள். இருபது வருஷத்தில் அவள் என்னைக் கேலி செய்தது அதுதான் முதல் முறை. அந்தக் கேலியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மறுநாள் ஆபீசுக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, தேர்வுக்கு விண்ணப்பிக்க என்னையும் சேவை மையத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். கணினி முன்னால் இருந்த பெண் எங்கள் இருவரையும் பார்த்தாள். என் கையிலிருந்த மடிக்கணினியையும் அக்காவின் கறுத்த விரல்களையும் பார்த்தாள். பிறகு என்னிடம், "பிளஸ் ஒன் யாருக்கு, உங்க மகளுக்கா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தன் கைப்பையை என்னிடம் நீட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்காக்கும்" என்றாள்.

நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அத்தனை பெருமையாக வேறு எதையும் நான் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.