மாடி வீட்டுக் காபி மெஷினும் என் வயிற்றெரிச்சலும்

எங்கள் வீட்டில் காலைக் காபி என் பொறுப்பு. கல்யாணமான மறுநாளிலிருந்து நான்தான் போடுகிறேன், பத்தொன்பது வருடமாக. கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் நான் பெஞ்ச் கிளார்க். என் மனைவி பக்கத்து ஊர் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. ஏழரை மணி பஸ்ஸை விட்டால் அவளுக்கு அன்றைய நாளே போச்சு. மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். காலை ஆறு மணிக்கு மனைவி சமையலறை வாசல்படியில் உட்காருவாள், நான் மேடையில் சாய்ந்து நிற்பேன், கையில் ஆளுக்கொரு டம்ளர். சாயங்காலம் இரண்டு பேரும் எரிச்சலோடு வீடு திரும்புகிறவர்கள், அப்போது வாயைத் திறந்தால் சண்டைதான். அதனால் எங்களுக்கென்று இருந்தது அந்தக் காலை அரைமணி நேரம் மட்டும்.

அந்த அரைமணி நேரத்தைத்தான் மாடி வீட்டம்மா தூக்கிக்கொண்டு போனார்.

அவர் தோட்டக்கலைத் துறை அலுவலர். வாரத்தில் இரண்டு நாள் ஜீப்பில் வெள்ளிமலைக்குப் போய்வருவார். கணவர் வெளிநாட்டில். போன வருடம் தை மாதம் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்தார். சாமான் இறக்குகிற அன்று, பாவம், ஒற்றை ஆளாக நிற்கிறாரே என்று நானும் கைகொடுத்தேன். "சார், அது மட்டும் பார்த்துத் தூக்குங்க, காபி மெஷினு" என்றார் ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டி. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறியவன் நானேதான். ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

முதல் வாரம் என் மனைவி மரியாதைக்கு ஒருநாள் மேலே போய்வந்தாள். இரண்டாவது வாரம், "எனக்குப் பாதி டம்ளர் போதுங்க" என்றாள். மூன்றாவது வாரம் டம்ளரையே வாங்கவில்லை.

"நீங்க குடிங்க. நான் அக்கா வூட்ல குடிச்சிக்கறேன்."

மேடம் போய் அக்கா ஆகிவிட்டிருந்தது. அவள் படியேறுகிற செருப்புச் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் வறுத்த காபியின் வாசனை ஜன்னல் வழியாக இறங்கியது, அதன் பின்னால் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தமும் வந்தது. என் மனைவி அப்படிச் சத்தமாகச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்காக ஆற்றி வைத்த காபியை நானே குடித்தேன். எனக்கு வயிறு எரிந்தது. பசி எரிச்சல் இல்லை, அசல் வயிற்றெரிச்சல்.

நான் போடுவது சாதாரணக் காபி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் காபித்தூள் கடையில், என் கண் முன்னால் வறுக்கச் சொல்லி, எண்பதுக்கு இருபது சிக்கரி கலந்து அரைத்து வாங்குவேன். பித்தளை ஃபில்டர். முதல் டிகாக்ஷன் அவளுக்கு, இரண்டாவது எனக்கு. என் அப்பா தாலுகா ஆபீசில் பியூனாகச் சேர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் காபி என்பதே வந்தது. அதற்கு முன்னால் கஞ்சித்தண்ணிதான். அதனால் காபி போடத் தெரிந்தவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

சரி, மெஷின்தானே, நாமும் வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அதை மனைவியிடம் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அதில் எத்தனை வகை இருக்கிறது தெரியுமா. மாத்திரை டப்பா மாதிரி ஒரு குப்பியைப் போட்டால் தானாகக் காபி வருவது ஒன்று; அந்தக் குப்பிக்குக் கள்ளக்குறிச்சியில் எங்கே போவது. கொட்டையைக் கொட்டினால் தானே அரைத்துத் தானே வடித்துத் தானே கழுவிக்கொள்வது ஒன்று; அந்த விலைக்கு ஒரு பழைய பைக் வாங்கிவிடலாம். அன்று தூக்கின பெட்டிமேல் இருந்த படத்தின்படி, மாடி வீட்டில் இருப்பது கைப்பிடியை அழுத்தி இறக்குகிற சின்ன வகை, அதற்குக் கரண்டே வேண்டாம். அப்புறம் மோட்டார் வைத்து, பாலை நுரைக்க ஆவிக்குழாயும் வைத்த பெரிய வகை. அதில் பதினைந்து பார், இருபது பார் என்று போட்டிருந்தார்கள். பார் என்றால் அழுத்தத்தின் கணக்கு. மாடி வீட்டு மெஷின் எத்தனை பார் என்று தெரிந்துகொள்ள மனம் பறந்தது. ஆனால் அந்த அம்மாவிடமே போய்க் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

சேலம் ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்காரர் இந்த மாதிரிச் சாமான்களை வரவழைத்துக் கொடுப்பார். அவர் நிதானமான மனிதர்.

"எத்தினி பேரு சார் குடிப்பீங்க?"

"ரெண்டு பேரு."

"வூட்ல அவங்களுக்கு எப்படிப் புடிக்கும்? ஸ்ட்ராங்கா, பால் ஜாஸ்தியா? அத்தப் பாத்துத்தான் சார் மெஷின் சொல்லணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். இருபது பார் இருக்கறதுல பெரிசா ஒண்ணு காட்டுங்க."

"இருபதெல்லாம் எதுக்கு சார், ஒம்போதே போதும்னு சொல்றாங்க."

"நீங்க காட்டுங்க."

வாங்குவதற்கு எனக்கிருந்த ஒரே அளவுகோல், மாடியில் இருப்பதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கமாக இல்லை.

மெஷின் வர பத்து நாள் ஆகும் என்றார். அதற்குள் கொட்டை பார்க்க வேண்டும். "அக்கா மலையிலேர்ந்து கொட்ட வாங்கியாந்து கையாலயே அரைக்குதுங்க" என்று என் மனைவி ஒருநாள் சொல்லியிருந்தாள், நான் கேட்காமலேயே. ஆகவே ஒரு சனிக்கிழமை, உறவில் ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் வளைவுக்கு வளைவு குடல் புரண்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, "மோந்துக்கினே வாங்க" என்றார். இந்த வயதில், ஒரு காபிக்காக, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு மலையேறுகிறேனே என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது.

வெள்ளிமலையில் சாலை ஓரத்தில் சாமை காயப்போட்டிருந்தார்கள். அங்கே விசாரித்து, ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு, பலாமரங்களுக்கு அடியில் மிளகுக் கொடியும் கொஞ்சம் காபிச் செடியும் வைத்திருந்த ஒரு விவசாயியைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்தார்.

"தோட்டக்கலை மேடம் அனுப்பனாங்களா சார்?"

இங்கேயும் அந்த அம்மா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இல்லைங்க. நானேதான் வந்தேன்."

"மேடத்துக்கு எடுத்து வச்சது இருக்கு. அவங்க பொறுக்கிப் பொறுக்கி வாங்குவாங்க, கெட்டிக்காரங்க."

"அவங்களுக்கு எடுத்து வச்சதவிட நல்லதா குடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இரண்டு கிலோ அளந்து கொடுத்தார். பச்சைக் கொட்டை. ஊர் திரும்பினதும் நேராக என் காபித்தூள் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைப் பதினைந்து வருடமாகத் தெரியும். பையைப் பிரித்து முகர்ந்து, "அடடே, மலைக்கொட்டையா" என்றார். வறுக்கிற தகரத்தில் கொட்டிக்கொண்டே, "எப்பவும் போலத்தான சார்?" என்று கேட்டார்.

"எப்பவும் போலத்தான்" என்றேன். யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது.

மெஷின் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மேடையில் இருந்த மிக்ஸியை நகர்த்திவிட்டு அதை நிறுத்தினேன். மனைவி பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, எதுக்கு இப்போ?" என்றாள். நான் அதோடு நிற்கவில்லை. கேடுகாலம், மாடிக்குப் போய் அந்த அம்மாவையும் காபிக்குக் கூப்பிட்டேன். அவர் முன்னால் என் மனைவி என் காபியைக் குடித்து, ஆகா என்று சொல்ல வேண்டும். அதைப் பார்த்து அந்த அம்மாவின் முகம் சுருங்க வேண்டும். வேறு என்ன.

இரண்டு பேரும் சமையலறை வாசலில் நின்றார்கள். நான் வெள்ளைச் சட்டை வேறு போட்டிருந்தேன். தூளைக் கிண்ணியில் நிரப்பி, வீடியோவில் காட்டினபடி அழுத்தி, கைப்பிடியைத் திருகி மாட்டி, பட்டனைத் தட்டினேன். மெஷின் உறுமியது. ஒரு சொட்டு விழுந்தது. மறுபடி உறுமியது. இன்னொரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டு நின்றது. உள்ளே எங்கோ கீச்சென்று சத்தம் கேட்டது.

"அணைச்சிடுங்க சார்" என்றார் அந்த அம்மா.

அவர் சொல்லி நான் கேட்பதா. அணைக்கத்தான் அணைத்தேன், ஆனால் அடைப்பு எங்கே என்று பார்க்க உடனே கைப்பிடியைத் திருகினேன். "கொஞ்ச நேரம் வுட்டு" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் டபீரென்று வெடித்தது. சுவர், மேடை, பால் குண்டான், காலண்டர், என் சட்டை, என் மனைவியின் நைட்டி, எல்லாவற்றிலும் காபிச் சேறு. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம் என்பார்களே, அந்தப் பூனை அன்று எங்கள் சமையலறையில்தான் நின்றது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கையில் சூடு பட்டதா என்று பார்த்தார். பிறகு மேடையில் ஒட்டியிருந்ததை விரலால் எடுத்து நாக்கில் வைத்தார்.

"சிக்கரி கலந்த தூளா சார்?"

"எண்பது இருபது."

"அதான். சிக்கரி ஊறுனா கூழு மாதிரி ஆயிடும், ஓட்டையெல்லாம் அடைச்சிக்கும். ஃபில்டர்ல நின்னு நிதானமா எறங்கும், அதுல பரவால்ல. இந்த மெஷினுக்கு ஒத்து வராது. வெறும் கொட்டைதான் போடணும். கழுவிட்டா சரியாப் பூடும், மெஷினுக்கு ஒண்ணும் ஆவல." கிண்ணியைக் குழாயடியில் காட்டிக் கழுவிக்கொண்டே, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார்: "இன்னொரு நாள் போடுங்க சார், நான் வந்து குடிக்கறேன். டீச்சர்தான் காபியே தொடமாட்டாங்க."

நான் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "யாரு?" என்றேன்.

"டீச்சர்தான். எங்க வூட்ல எப்பவும் டீதானே குடிப்பாங்க."

என் மனைவி சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப. அந்த அம்மாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

"பத்தொம்பது வருஷம்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "எங்க வூடு கூலிவேல வூடு, உங்களுக்குத் தெரியாதா. களமருதூர்ல நடவு வயலுக்குத் தூக்குவாளில டீ வரும், வரப்புல குந்திக் குடிச்சி வளந்தவ நான். அக்காவும் அந்தப் பக்கம்தான், அவங்க அம்மாவும் நடவுக்குப் போனவங்கதான். மொத நாளே 'டீ போடட்டா, காபி போடட்டா'ன்னு கேட்டாங்க. டீன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல."

"கல்யாணத்துக்கு மறுநாளு நீங்களே போட்டு எடுத்தாந்து கையில குடுத்தீங்க. எங்க ஊர்ல எந்தப் புருஷன் போட்டுத் தரான்? எனக்கு அழுகையே வந்துடுச்சி. வேணாம்னு சொல்ல வாய் வரல. அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு நாள் பூட்ச்சி. நீங்களும் தெனம் நல்லாக்கீதான்னுதான் கேப்பீங்க. இன்னா வேணும்னு கேட்டதில்லையே."

நீதிமன்றத்தில் எத்தனையோ குறுக்கு விசாரணை கேட்டிருக்கிறேன். எந்த வக்கீலும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. மெஷின் மேல் எனக்கு வந்த பொறாமை அந்த நிமிடமே போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்பது அந்த அம்மாவுக்கு ஒரே கேள்வியில் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த அம்மா சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு நான் டீ போட்டேன். தூள் எவ்வளவு, எப்போது போடுவது, எவ்வளவு நேரம் கொதிக்க விடுவது, ஒன்றும் தெரியாது. போனில் பார்க்கவும் பிடிக்கவில்லை. அவள் வாசல்படியில் உட்கார்ந்து வாங்கினாள். நல்லாக்கீதா என்ற கேள்வி தொண்டைவரை வந்தது, அதை விழுங்கினேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணியா கீது" என்றாள். "டீயே இல்ல இது."

பத்தொன்பது வருடத்தில் நான் கொடுத்ததை அவள் நன்றாக இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பாதியை அப்படியே வைத்துவிட்டு, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு மாடிக்குப் போனாள். மீதியை நான் குடித்தேன். உண்மையாகவே தண்ணியாகத்தான் இருந்தது. மேலே அவள் இதைச் சொல்லியிருக்க வேண்டும், இரண்டு பேரும் சிரிக்கிறது கேட்டது. அந்தச் சிரிப்பு நின்று அவள் எப்போது கீழே இறங்கி வருவாள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.