பாறசாலை வியாழக்கிழமைக் கிழங்கும் இரண்டு கொடிக்கம்புகளும்

நாகர்கோவிலில் நான் மெய்ப்புத் திருத்தும் அச்சகத்தில் போன வியாழக்கிழமை இயந்திரம் படுத்துவிட்டது. முதலாளி வேண்டாவெறுப்பாக ஒரு நாள் விடுப்புக் கொடுத்தார். அச்சுக் கோக்கும் தாசையன் ஆறு மாதமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். "பாறசாலைச் சந்தையிலே எஸ்தரக்காக்க கிழங்கும் மீனும் தின்னாத வாயெல்லாம் ஒரு வாயா?" என்பான். தமிழ்நாடா கேரளமா என்று எல்லைக் கிளர்ச்சி நடக்கும் நேரம், இன்று கடையடைப்பு, நாளை ஊர்வலம், போலீஸ் வேறு ஆட்களைப் பிடித்துப்போகிறது, அங்கே போய் மாட்டிக்கொள்ளாதே என்றாள் என் மனைவி. சாப்பாட்டு விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்பதில்லை. கிளம்பிவிட்டேன்.

காலை ஆறேகாலுக்கு வடசேரியில் பஸ். நேராகப் பாறசாலையில் இறங்காமல் நெய்யாற்றின்கரை வரை போய், தின்றுகொண்டே திரும்பி வருவது என் திட்டம். முப்பத்தோரு மைல், கட்டணம் ஒரு ரூபாய். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஊர் ஊராக நின்று நெய்யாற்றின்கரையில் இறக்கும்போது மணி எட்டேகால். பஸ்ஸில் எல்லோரும் எல்லையைப் பற்றித்தான் பேசினார்கள். நான் புட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ச்சந்தில் பெயர்ப்பலகை இல்லாத கடை ஒன்று இருக்கிறது. புட்டு, சிறுபயறு, பப்படம், மூன்றும் சேர்த்து மூன்றணா. புட்டின் மேல் பயறைக் கொட்டி, பப்படத்தை நொறுக்கிப்போட்டுப் பிசைய வேண்டும். நான் தனித்தனியாகத் தின்பதைப் பார்த்த கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஓய், அது கஷ்டமாணு. குழைச்சு அடியும்" என்று தானே பிசைந்து காட்டினார். அவர் கை சுத்தமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை, அவ்வளவு ருசி. இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

அங்கிருந்து அமரவிளைக்கு நடந்தேன். இரண்டரை மைல்தான், ஆனால் வெயில் ஏறிவிட்டது. பாலத்துக்குப் பக்கத்தில் ஓலைப்பந்தலில் போஞ்சி விற்கிறார்கள். எலுமிச்சைச் சாறு, இஞ்சி, சர்க்கரை, பானைத் தண்ணீர். ஒரு குவளை அரையணா. நான் மூன்று குவளை குடித்தேன். உதியங்குளங்கரையில் ஏத்தம்பழ அப்பம், அதாவது நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது, ஓரணா, சுக்குக் காப்பி ஓரணா. அப்பம் சுமார்தான். எண்ணெய் மாற்றி நாளாகியிருக்க வேண்டும், வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு நேராகப் பாறசாலைக்கு வண்டி ஏறுங்கள்.

பாறசாலைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. வியாழன் சந்தை நாள். அடேயப்பா, என்ன கூட்டம்! நல்லமிளகு மூட்டை, மரச்சீனி என்று இங்கே சொல்கிற மரவள்ளிக் குவியல், கருப்பட்டிச் சிப்பம், கோழிக்கூடை. ஒரே ஆள் ஒரே மூச்சில் தமிழில் விலை கேட்டு மலையாளத்தில் பேரம் பேசித் தமிழிலேயே திட்டிவிட்டுப் போகிறான். சந்தை வாசலுக்கு வலப்பக்கம் எஸ்தரக்கா கடை. ஓலைக்கூரை, நான்கு பெஞ்சு, உள்ளே ஒரு பெரிய அண்டா.

எஸ்தரக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கர், வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். மகள்கள் இரண்டு பேர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். இந்தக் கடை ஓடினால்தான் அவர்கள் படிப்பு ஓடும். மரச்சீனிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே, "பொழியூர்லேருந்து மீனு மூணு மணிக்காக்கும் வரும். நாலு மணிக்கு வாருங்க. இன்னைக்குக் கடை உண்டுமானா தாறேன்" என்றார்.

கடை உண்டுமானா என்றால் என்ன அர்த்தம்? அவர் கத்தியால் வாசல் சுவரைக் காட்டினார். அங்கே ஆறடி மூங்கில் கம்புகள் இரண்டு சாய்ந்திருந்தன. இரண்டின் நுனியிலும் சுருட்டிய கொடி. ஒன்று தையல்கடை செல்லையன் கொண்டுவைத்தது. தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்கிற அணிக்கு அவர் உள்ளூர்த் தலைவர். இன்னொன்று பலசரக்குக் கடை கேசவன் வைத்தது. அவர் ஐக்கிய கேரள அணி. மூன்றரை மணிக்குள் ஏதாவது ஒன்றைக் கூரையில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு அணியும் இந்தக் கடையில் கை நனைக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்றைக் கட்டினாலும் பாதி ஆள் போய்விடும். இதில் வேடிக்கை, இரண்டு தலைவர்களும் தினமும் இதே கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்கிறவர்கள்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"எனக்கப் பக்கம் அடுப்புப் பக்கம்" என்றார் எஸ்தரக்கா.

மூன்று மணிக்குப் பொழியூரிலிருந்து மேரி என்கிற மீன்காரி சாளை மீன் கூடையோடு வந்தாள். மூன்றரைக்குச் செல்லையன் பத்துப் பேரோடும் கேசவன் பத்துப் பேரோடும் வந்தார்கள். எஸ்தரக்கா அண்டாவில் கிழங்கை நறுக்கிப்போட்டு, தண்ணீர் ஊற்றி, அடுப்பும் மூட்டியிருந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து எரிகிற அடுப்பில் ஊற்றினார். புஸ்ஸென்று புகை எழுந்தது.

"இந்த மாசம் நீங்க ரெண்டு கூட்டரும் மாறி மாறி நாலு நாளு கடையை அடைக்கச் சொன்னிய. அடைச்சேன். இன்னைக்கு எனக்கக் கடையடைப்பாக்கும். அந்தக் கம்பு ரெண்டும் கொடியோட அங்கே நிக்கியது வரைக்கும் அடுப்பு எரியாது" என்று சொல்லிவிட்டு, முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஊரையே அடைக்கச் சொல்லிப் பழகியவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை கடையை அடைத்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குள் சுமைதூக்குகிறவர்கள், மிளகுக்காரர்கள் என்று பசித்த கூட்டம் சேர்ந்துவிட்டது. விடிகாலையில் கஞ்சி குடித்தவர்கள். மேரி கூடையை இறக்கிவைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "மீனு கெட்டுப்போனா கொடியையா கறி வைக்கப் போறிய?" என்றாள். கூட்டம் சிரித்தது. தலைவர்கள் சிரிக்கவில்லை.

யாரோ நான் நாகர்கோவில் ஆள் என்று சொல்லிவிட்டார்கள். செல்லையன் என் தோளில் கைபோட்டு, "கேட்டியளா, இவரு நம்ம ஆளு. நாகர்கோவில்லேருந்து இதுக்காகவே வந்திருக்காரு" என்றார்.

"நான் கிழங்குக்கு வந்தேன். அஞ்சு நாப்பதுக்கு எனக்கு பஸ்" என்றேன். பசி வந்தால் எனக்கு மரியாதை தெரியாது.

நான்கு மணியாகி, பத்து நிமிடமும் போனது. முதலில் அவிழ்க்கிறவன் தோற்றவன் ஆகிவிடுவான் என்று இருவரும் அசையாமல் நின்றார்கள். கடைசியில் எஸ்தரக்காவே சொன்னார்: "மக்கா செல்லையா, கேசவண்ணா, ரெண்டுபேரும் ஒண்ணிச்சு அவுருங்க. கொடி உங்களுக்கது, கொண்டு போங்க. எனக்கக் கூரைக்கு ஓலை மட்டும் போதும்."

கேசவன் செல்லையனைப் பார்த்து, "எந்தாடே, விசக்குந்நில்லையோ?" என்றார். பசிக்கவில்லையா என்ற அந்தக் கேள்வியில் செல்லையனும் இளகிவிட்டார். இருவரும் ஒரே நேரத்தில் முடிச்சை அவிழ்த்துக் கொடியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். நான் ஓடிப்போய் அடுப்பை ஊதினேன். வெட்கம் என்ன வேண்டியிருக்கிறது?

நாலே முக்காலுக்குக் கிழங்கு வெந்தது, பக்கத்து அடுப்பில் சாளைக் கறியும் கொதித்துவிட்டது. அந்த அண்டாவை இறக்கித் தண்ணீர் வடிக்க இரண்டு ஆள் வேண்டும். காதுகளில் கம்பைக் கொடுத்து ஆளுக்கொரு பக்கம் தூக்குவார்கள். அக்காவின் பழைய பாக்குமரக் கம்புகள் உளுத்திருந்தன. அவர் சுவரோரம் வெறுமனே சாய்ந்திருந்த மூங்கில்களைப் பார்த்தார். "அதை எடுங்க" என்றார். செல்லையன் முன்னால், கேசவன் பின்னால் பிடித்து, "பைய, பைய" என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டே அண்டாவைத் தூக்கிப் போய்ச் சரித்தார்கள்.

கிழங்கு வாயில் வைத்தால் மாவாகக் கரைகிறது. தேங்காய் வறுத்து அரைத்துக் குடம்புளி போட்ட சாளைக் கறி, அதன் மேல் பச்சைத் தேங்காயெண்ணெய். தாசையன் சொன்னது பொய்யில்லை, நான் அவனிடம் அதை ஒப்புக்கொள்ளப்போவதில்லை. ஒரு தட்டு நான்கணா. கண்ணில் நீர் வரத் தின்றேன். காரத்தால் மட்டும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

போகிறவர்களுக்கு: வியாழக்கிழமை போங்கள். நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே பெஞ்சைப் பிடியுங்கள். நாகர்கோவிலிலிருந்து நேராகப் பாறசாலைக்கு இருபத்துநான்கு மைல், பன்னிரண்டணா. கிளம்பும் முன் கடையடைப்பு உண்டா என்று பஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். கை துடைக்கத் துணி கொண்டுபோங்கள்.

புறப்படும்போது எஸ்தரக்காவிடம் கேட்டேன், எல்லை எந்தப் பக்கம் விழுந்தால் நல்லது என்று. அவர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அது விழுறப்போ விழட்டு. அடுத்த வியாழன் வாறியளா? வந்தா நல்ல பலமுள்ள ஆளு ரெண்டு கூட்டிட்டு வாருங்க. அதுக்குள்ளே இவிய ரெண்டுபேரையும் போலீசு பிடிச்சிட்டுப் போச்சுன்னா, அண்டா தூக்க எனக்கு ஆளு வேண்டாமா?"

நானும் தாசையனும் போகிறோம்.