ஜோசையாவுக்குப் பதில் போனவன்

"உங்கட மனுசன் கத்தோலிக்கர்தானே, பிறகென்ன கிருஷ்ணராசா எண்டு பேர்?" நோர்பரிப் பங்குக் கோயிலில் என்னிடம் இதைக் கேட்காத ஆளில்லை. தகப்பன் சைவம், அவர் வைத்த பெயர் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் உளைந்துவிட்டது.

உண்மையை என்னிடம் சொல்லித்தான் கட்டினார். இவருடைய பெயர் செபஸ்தியாம்பிள்ளை. தொண்ணூறில் கொழும்பில் வைத்து கிருஷ்ணராசா என்ற கூட்டாளி தன் பாஸ்போட்டைக் கொடுத்து, "நீ முதல் போ, நான் பிறகு வாறன்" என்றிருக்கிறான். இவர் அந்தப் பெயரிலேயே இங்கே வந்து சேர்ந்தார்; அவன் வரவில்லை. மன்னாருக்குத் திரும்பிய வழியில் காணாமல் போனான். கல்யாணமும் கட்டாதவன்.

தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுசன் வீட்டில் சும்மா இருக்கலாமோ? எங்கள் மகள் ஷெறோன் கட்டியது ஏட்ரியன் என்ற வெள்ளைக்காரப் பிள்ளையை. பேரனின் ஞானஸ்நானத்துக்கு ஏட்ரியனின் பரம்பரையைத் தேடிக் கொடுக்கிறேன் என்று ஆவணக் காப்பகமே கதியென்று கிடந்தார். இருநூறு வருசத்துக்கு முந்திய கவுன்டி ஊர்காவல் படைப் பட்டியலில் ஜோசையா என்ற முப்பாட்டனின் பெயர் அகப்பட்டது. உடனே மருமகனுக்குப் போன் போட்டு, உங்கள் ஆள் படைக்குப் போனவர் என்று அறிவித்துவிட்டார். எங்கள் ஊரில் பட்டியலில் பெயர் ஏறினால் ஆள் போன மாதிரித்தானே! இங்கே அது அந்த வயது ஆம்பிளைகள் எல்லாரையும் எழுதிய பட்டியலாம்; அதிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்பார்களாம். காப்பகத்துப் பெண் சொல்லித்தான் சீட்டு விழுந்தவர்களை எழுதிய மற்றப் புத்தகத்தையும் பார்த்திருக்கிறார். சீட்டு ஜோசையாவுக்குத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் அவருக்குப் பதிலாளாகப் போனவன் சாமுவேல் என்று ஒருவன்.

அன்றிலிருந்து மனுசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றைப் பிசைவார், எழும்பி யன்னலடிக்குப் போவார், திரும்பி வருவார்.

"பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு ஏட்ரியனிட்டைச் சொல்லுங்கோவன். அதுக்கேன் இந்தப் பாடு?" என்று சீறினேன்.

"அதில்லை, சாந்தி. அவங்கட புத்தகத்தில ரெண்டு பேரின்ர பேரும் கிடக்கு. எங்கட வீட்டில கிருஷ்ணராசாவைப் பற்றி ஒரு கதையும் இல்லை. ஷெறோன் பிள்ளைக்கு என்ர பேரை நடுப்பேரா வைக்கப்போறாளாம். சொல்லாம எப்பிடியப்பா இருக்கிறது?"

நான் குரலைத் தாழ்த்தினேன். "உங்களுக்கென்ன விசரே? இவ்வளவு காலத்துக்குப் பிறகு பாஸ்போட்டைப் பறிச்சா நாங்கள் எங்கை போறது?"

மனுசன் மறுபடியும் யன்னலடிக்குப் போய்விட்டார்.

ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் ஷெறோன் வந்தாள். நான் கண்ணைக் காட்டிக் காட்டிப் பார்த்தேன். மனுசன் ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டார். பிள்ளை பேயறைந்த மாதிரி இருந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றி அவளுக்கு முன்னால் வைத்தேன்.

கடைசியில் அவள்தான் கேட்டாள். "அப்ப பேபிக்கு உங்கட உண்மையான பேரை வைக்கட்டோ, அப்பா?"

"வேண்டாமம்மா," என்றார். "எனக்கு நீ இருக்கிறாய், பேரன் இருக்கிறான். கிருஷ்ணராசாவுக்கு ஆர் இருக்கினம்? அவன்ர பேரையே வை."