333333331-க்கு ஒரு திருத்தம்

வின்சென்ட் அண்ணன் செவ்வாய்க்கிழமை காலை ஈப்போ அருகே லகாட்டிலுள்ள தமது வீட்டில் காலமானார். தொலைபேசியில் சொன்னவர் அவர் மனைவி ரெஜினா அக்கா. மருத்துவரின் சான்றிதழையும் நேரில் போய்ப் பார்த்தேன். எந்தத் தகவலுக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும் என்பது அண்ணனின் சட்டம்.

ஆயர் தாவார்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் எங்கள் நாளிதழுக்கு மெய்ப்பு பார்த்தவர். அவருடைய சிவப்புப் பேனாவை எங்களோடு வேலை செய்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது ஒரே ஒரு முறை என் பேச்சைக் கேட்டு நின்றது.

ஞாயிறு பதிப்பில் ஒரு மூலை காலியாக இருந்தது. 31, 331, 3331 என்று முன்னால் மூன்றுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் வருபவை எல்லாம் பகா எண்கள், அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை என்று எழுதிக் கொடுத்தேன். கடைசி உதாரணம், எட்டு மூன்றும் ஓர் ஒன்றும்: 333333331.

"இத யார் உறுதிப்படுத்தினா?" என்றார்.

"முன்னால உள்ள ஏழும் சரியா இருக்குண்ணே. எட்டாவது மட்டும் ஓடிப் போயிருமா?"

"ஏழு நாள் ஒழுங்கா வேலைக்கு வந்தவன் எட்டாம் நாள் மட்டம் போடறதில்லையா லா?"

அச்சுக்கு நேரமாகிவிட்டது. விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை என் மேசையில் ஒரு துண்டுத்தாள் கிடந்தது: 17 × 19607843. "பதினேழு தம்பி, பதினேழு! ரெண்டு பேரும் சேர்ந்து ஊரையே ஏமாத்திட்டோம்."

உடனே திருத்தம் போடலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. 19607843 மேலும் உடையுமா என்று சொல்லாத திருத்தம் அரைகுறையாம். கணினி ஒரு நொடியில் சொல்லிவிடும் என்றேன். "அன்னைக்கு நீ சொன்னேன்னு விட்டேன். இன்னைக்கு மெஷின் சொல்லிச்சுன்னு விடவா?"

அப்போதிருந்து வகுத்தார். 2-இல் தொடங்கி 4423 வரையுள்ள ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுக்க வேண்டும். அதற்கும் பெரியதால் வகுபட்டால் அதன் சிறிய ஜோடி முன்பே அகப்பட்டிருக்கும். ஏறக்குறைய அறுநூறு கணக்குகள். ஒவ்வொன்றையும் வெவ்வேறு நாளில் இரண்டு முறை செய்தார். ஓய்வு பெற்றும் நிறுத்தவில்லை. நோயில் படுத்த பிறகும், பார்க்கப் போனால் கட்டிலில் புரண்டு புரண்டு அதையே பேசுவார்.

"விடுங்கண்ணே, வாசகர் யாரும் கேக்கலையே."

"படிச்சவன் நம்பிட்டான். அதான் கேக்கல."

அடக்கம் முடிந்ததும் ரெஜினா அக்கா நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். "மூணு கணக்குதான் பாக்கின்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு தம்பி. நீங்க முடிக்கணுமாம். கால்குலேட்டரத் தொடக் கூடாதாம் லா." கடைசி வரி: 4397, மீதி 1620. இரண்டு முறையும் அதே விடை.

அந்த நோட்டும், "இத யார் உறுதிப்படுத்தினா?" என்ற கேள்வியும் இனி என்னிடம் இருக்கும்.

முப்பதாம் நாள் திருப்பலியை அதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறார்கள். அன்றைய பதிப்பில் திருத்தத்துக்கு ஆசிரியர் நான்கு வரி இடம் ஒதுக்கியிருக்கிறார். 4421, 4423 இன்னும் தொடப்படவில்லை. 4409-ஐ இரண்டு முறை செய்துவிட்டேன். நேற்று மீதி 1020 வந்தது. இன்று 1120. நாளை மறுபடியும் வகுக்க வேண்டும்.