துகைம் கீழே வைத்த கோப்பை

எங்கள் ஜஹ்ரா ஊரில் அபூ ஜர்ராஹ் வீட்டுத் திவானியாவுக்கு, ஆம்பிளைகள் கூடிப் பேசும் அந்த வரவேற்பறைக்கு, ஒருதரமாவது போய் உட்காராத ஆம்பிளை கிடையாது. சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் வாசலில் கார்கள் வரிசைகட்டும். உள்ளே மூன்று சுவரோரமும் மெத்தை, நடுவில் கம்பளம், ஹூவென்று ஏ.சி. மந்திரி மாறினாலும் பந்தய ஒட்டகம் நொண்டினாலும் பேச்சு அங்கேதான். அத்தனை பேருக்கும் காபி ஊற்றியவன் துகைம். "துகைம், இங்க!" என்று ஒரு பக்கம் கூப்பிடுவார்கள், "டேய், எங்களையெல்லாம் கண்ணு தெரியலையா?" என்று இன்னொரு பக்கம் கத்துவார்கள். இடது கையில் காபிக் கெண்டி, வலது கையில் அடுக்கிய கோப்பைகள், ஓடிக்கொண்டே இருப்பான். அந்த அறையில் அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

துகைமுக்கு நாடு கிடையாது. வெளியூர்க்காரனிடம் சொன்னால் நம்பமாட்டான். இங்கேயே பிறந்தவன், இங்கேயே ராணுவத்தில் துப்பாக்கி தூக்கியவன், அப்பன் ஆத்தாளை இந்த மண்ணில் புதைத்தவன், அவனுக்கா நாடு இல்லை என்பான். இல்லை ஐயா, இல்லை! எண்ணெய்க் காசில் குடிமகனுக்கு வீடு, வேலை, வைத்தியம் எல்லாம் உண்டு. துகைமுக்குத் தகரக் கூரையும் 'நீ யாரென்று தெரியாது' என்கிற ஓர் அட்டையும்தான்.

எல்லாம் அப்பன் ஷுவைஷ் செய்த வேலை. குடிமக்களைப் பதிவுசெய்த நாளில் அவன் மழை பெய்த பக்கமாக ஒட்டகங்களோடு கிளம்பிவிட்டான். போய்ப் பேரைக் கொடுத்துவிட்டு வா என்று நாலு பேர் சொன்னார்கள். "இந்தப் பாலைவனத்துல என்னைத் தெரியாதவன் எவன் இருக்கான்? நான் யாருன்னு நானே போய்ச் சொல்றதா? வெக்கக்கேடு!" என்று சிரித்தானாம். நன்றாகச் சிரித்தான் போ. அன்று அவன் மட்டுமா, எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் சிரித்தார்கள். பிள்ளைகள் இன்னும் அழுகிறார்கள்.

துகைம் எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டான். மகள் நுவய்யிர் விஷயத்தில்தான் முடியவில்லை. ஒரே பெண், கல்யாண வயது. இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும், தலையணையை அணைத்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். வெளிநாட்டில் அறுவை செய்தால் பிழைப்பாள், இந்தக் கோடைக்குள் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவை ஒரு தர்மக்காரர் முழுசாக ஏற்றுக்கொண்டார். விமானம் ஏறத்தான் பாஸ்போர்ட் இல்லை.

குடியுரிமை அலுவலகத்தில் இருந்த பையன் நல்லவன்தான். "உங்க அப்பா பதிவுக்கு முன்னாடியே இங்க கூடாரம் போட்டிருந்தாருன்னு நேர்ல பார்த்த ஒரு குடிமகன் வந்து சொல்லட்டும். உயிரோட இருக்கிற ஆளா கூட்டிட்டு வாங்க, நான் மேல அனுப்புறேன்," என்றான்.

உயிரோடு இருந்தது ஒரே ஆள். அபூ ஜர்ராஹ். அவருடைய சின்ன வயதில் இரண்டு குடும்பத்துக் கூடாரமும் ஒரே கிணற்றுப் பக்கம். ஷுவைஷின் ஒட்டகத்தில் ஏறி விழுந்து கையை முறித்துக்கொண்ட பையன் இந்த அபூ ஜர்ராஹ்தான். எலும்பைச் சேர்த்துக் கட்டியதும் ஷுவைஷ்தான். அந்தக் கையால்தான் இன்றைக்கும் காபி வாங்கிக் குடிக்கிறார்.

துகைம் தனியாக இரண்டு தடவை கேட்டுப் பார்த்தான். முதல் தடவை "பார்க்கலாம், பார்க்கலாம்," என்றார். இரண்டாம் தடவை, "ஏலக்காய் கொஞ்சம் கம்மியா இருக்கேப்பா இன்னிக்கு," என்று பேச்சை மாற்றினார். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி தர்ஃபா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் ஊத்துறீங்களே, உங்களுக்குன்னு ஒரு கோப்பை ஊத்திக்கத் தெரியலையா? சபையில உட்கார்ந்து கோப்பையைக் கீழ வைங்க. நாலு பேர் முன்னாடி எப்படி மாட்டேம்பாருன்னு பார்க்கிறேன்."

"நான் விருந்தாளி இல்லையே, தர்ஃபா."

"அப்போ நான் போய் உட்காரட்டுமா?"

உள்ளே நுவய்யிர் இருமுகிற சத்தம் கேட்டது. "யப்பா, விடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு இடத்தில் மூச்சு அறுந்தது.

கோப்பையைக் கீழே வைப்பதென்றால் சும்மா இல்லை. வந்தவன் காபியைக் குடிக்காமல் முன்னால் வைத்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று பொருள். அதை ஆறவிட்டால் வீட்டுக்காரனுக்கு மானம் போச்சு. "உன் காபியைக் குடி" என்று அவர் சொல்லிவிட்டால், கேட்டதைக் கொடுத்ததாகக் கணக்கு. ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஃபலாஹ் இப்படித்தான் மகனுக்கு வேலை வாங்கினார். இன்னொருத்தன் சம்பந்தமே முடித்துக்கொண்டு போனான். அந்தக் கோப்பைகளையெல்லாம் ஊற்றிக் கொடுத்தவன் துகைம்.

சனிக்கிழமை சபை நிறைந்திருந்தது. ஒரு சுற்று ஊற்றி முடித்தான். பிறகு கெண்டியைக் கம்பளத்தில் வைத்தான், தனக்கு ஒரு கோப்பை ஊற்றினான், அபூ ஜர்ராஹுக்கு எதிரில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து அதை முன்னால் வைத்தான்.

ஃபலாஹ்தான் முதலில் பார்த்தார். "அடேயப்பா! துகைமே உட்கார்ந்துட்டான். இனி நமக்கு யாருப்பா ஊத்துறது? இந்தா, நான் வேணா ஊத்துறேன், கை நடுங்குதுன்னு திட்டாதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கீழே இருந்த கோப்பையைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

அபூ ஜர்ராஹ் தாடியைத் தடவிக்கொண்டார். அத்தனை கண்ணும் அவர் மேல். என்ன கேட்கப்போகிறான் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? "குடிப்பா," என்றார். "உன் காபியைக் குடி துகைம். எழுந்திரு."

அந்த வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், பாவி மனுஷன் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மகள் பிழைத்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டான். காலமெல்லாம் அடுத்தவன் கோப்பையைப் பார்த்தவன், தன் கோப்பை என்று வந்தபோது அவசரப்பட்டுவிட்டான். என்ன வேண்டும் என்பதைச் சபையில் வாய்விட்டுச் சொன்ன பிறகல்லவா குடிக்கவேண்டும்!

"அல்லா உங்களை நல்லா வைக்கட்டும்," என்றான். "நாளைக்குக் காலையில என்கூட அலுவலகத்துக்கு வாங்க. ஷுவைஷ் எங்க பக்கத்துக் கூடாரம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவுதான். என் பொண்ணு பிழைச்சிடுவா."

அபூ ஜர்ராஹ் உதட்டை நனைத்துக்கொண்டார். "கார் கேளு, தரேன். இங்கேயே தனியார் ஆஸ்பத்திரியில நல்ல ரூமாப் போட்டு வைக்கிறேன். இது வேணாம்."

"இங்க செய்ய முடியாதுன்னு டாக்டரே..."

"துகைம், காலம் கெட்டுக் கிடக்கு. போன மாசம் இதோ இந்த இடத்துல உட்கார்ந்திருந்தவன் எங்க? ஒருத்தனுக்காகச் சாட்சி சொல்லப் போனான், போனவனோட பாட்டன் காலத்துப் பதிவையே தோண்டிட்டாங்க. இன்னிக்குக் குடிமகனும் இல்ல, பேங்குல கார்டும் ஓடல. எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு."

"நீங்க குடின்னு சொன்னீங்க."

"நீயும் குடிச்சிட்ட. என்ன கேட்கிறேன்னு சொல்லிட்டா குடிச்ச?" அவர் குரல் தணிந்திருந்தது. "குடிச்சாச்சு, முடிஞ்சுபோச்சு. விடு."

துகைம் சுற்றிலும் பார்த்தான். ஃபலாஹ் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டினார், இன்னொருத்தர் போனை நோண்டினார். ஒருத்தராவது 'இது நியாயமில்லை' என்று சொல்லக்கூடாதா? எனக்குச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. யாரோ ஒருத்தர் கடைசியில், பேச்சைக் கலைக்கத்தான், காலிக் கோப்பையை நீட்டி, "சரி சரி, ஊத்துப்பா," என்றார்.

துகைம் எழுந்து கெண்டியை எடுத்தான். நீட்டியவரைத் தாண்டி நேராக அபூ ஜர்ராஹிடம் போய் அவர் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்து ஊற்றினான். எங்கள் பக்கத்தில் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவது. அவன் நிறுத்தவில்லை. காபி விளிம்புக்கு வந்து, வழிந்து, அவர் விரல்களில் ஓடி, வெள்ளை அங்கியை நனைத்தது. ததும்பத் ததும்ப ஊற்றினால் 'குடித்துவிட்டு நடையைக் கட்டு' என்று பொருள். அதை ஒருத்தன் வீட்டில் அவனுக்கே செய்தவன் எங்கள் ஊரில் இதுவரை கிடையாது.

அபூ ஜர்ராஹின் மூத்த மகன் துள்ளி எழுந்தான். "நாயே!"

"உட்காருடா," என்றார் அபூ ஜர்ராஹ். சுடச்சுட அந்தக் கோப்பையைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். கையைத் துடைத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல் எழுந்து உள்வீட்டுக் கதவைத் திறந்து போய்விட்டார். மகன் பின்னாலேயே போனான். வீட்டுக்காரனே எழுந்த பிறகு மற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை? செருப்பைத் தேடிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். "என்னப்பா இப்படிப் பண்ணிட்ட," என்றார் ஃபலாஹ் வாசலில்.

அப்போதுதான் துகைமுக்கு உறைத்தது. அவன் அப்பனை அறிந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். அந்த ஒருவரைத்தான் அவன் தன் கையாலேயே எழுப்பி அனுப்பியிருக்கிறான். நாளைக்குத் தனியாகக் காலில் விழுந்தாவது கேட்டிருக்கலாமே, நாளன்றைக்கும் கேட்டிருக்கலாமே. கெண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் உள்கதவைத் தட்டினான்.

"அபூ ஜர்ராஹ்! புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். என்னைச் செருப்பால அடிங்க, வந்து அடிங்க. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்கிறேன். நாளைக்கு வேணாம், உங்களுக்குத் தோணுற அன்னிக்கு வாங்க. அவ மூச்சு விட முடியாமக் கிடக்கா, அபூ ஜர்ராஹ்! உங்க கையை எங்கப்பன்தான் கட்டினான்!"

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்றிருந்தார்கள். மூச்சு கேட்டது. துகைம் நெற்றியைக் கதவில் வைத்து அழுதான். உள்ளேயிருந்து அபூ ஜர்ராஹின் குரல் வந்தது, தினமும் சொல்வதுபோலவே.

"போறப்போ ஏ.சி.யை அணைச்சிட்டுப் போ, துகைம்."